மார்ட்டின் கேட்ட ஓர் அங்குலம்

பிள்ளைகள் வினோதா, கஜன்,

மார்ட்டினின் பிரியாவிடை விருந்தில் என்னையும் எழுப்பிப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். "மார்ட்டின் வெரி குட் மேன். தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். காரில் வரும்போது கஜன், நீ போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, மொத்தம் ஒன்பது செக்கன். அதில நாலு செக்கன் மைக்கைச் சரிக்கட்டினது." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது ஒன்பது செக்கனில் அடங்காது. என்னுடைய இங்கிலிஷும் அதற்குக் காணாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். வினோதா வாசித்துக் கஜனுக்குச் சொல்லட்டும். வேலையிடத்தில் எல்லோரும் இங்கிலிஷில் கதைத்ததை எங்கள் கதையிலேயே எழுதியிருக்கிறேன். அப்படித்தான் அவை என் மனதில் கிடக்கின்றன.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. இந்த நாட்டுக்கு, சிட்னிக்கு வந்து இருபது வருடம் இறைச்சிக் கடைகளுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். சைவக்காரன் ஆட்டுக்கத்தி தீட்டுகிறான் என்று டூங்கபியில் எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். 2009 இல் அந்தப் பட்டறையை மூடினார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. ஐஸ் அரங்கு ஒன்றில் ஸ்கேட் தீட்ட ஆள் தேவை என்று பட்டறை முதலாளிதான் சொல்லி அனுப்பினார்.

கோயிலில் ஒருவர் கேட்டார்: "என்ன சிவா, ஐஸ் பக்டரியிலயாம் வேலை? மீனுக்கு அடிக்கிற ஐஸோ?"

"இல்லை அண்ணை. ஐஸுக்கு மேல ஹொக்கி விளையாடுறவை. அவையின்ர சப்பாத்து தீட்டுறது."

"சப்பாத்தைத் தீட்டுறதோ? பொலிஷ் போடுறதெண்டு சொல்லும்."

நான் விட்டுவிட்டேன். எனக்கே முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை.

அங்கே எனக்கு மேலாக இருந்தவர் பார்ப் என்ற அம்மா. என்னுடைய வயதுதான் இருக்கும். அந்த அரங்கின் ஹொக்கி அணியின் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு கிழமையில் வேலையைக் காட்டித் தந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். கத்திக்கு ஒரு கரை. ஸ்கேட் என்கிற அந்தச் சப்பாத்தின் அடியில் இருக்கிற அலகுக்கு இரண்டு. அலகின் அடியில் நீளத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு பக்கமும்தான் ஐஸைப் பிடிக்கிற கரைகள். பள்ளம் ஆழமாக இருந்தால் கரைகள் ஐஸைக் கடித்துப் பிடிக்கும். மேலோட்டமாக இருந்தால் ஐஸுக்கு மேலே வழுக்கி ஓடும். அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அல்ல, அதன் வட்ட வளைவை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். கிண்ணத்தின் அடியை மணலில் அழுத்தினால் குழி ஆழம், பெரிய தட்டின் அடியை அழுத்தினால் ஆழமில்லை அல்லவா? அதேபோல அரை அங்குலம் என்றால் ஆழம், ஓர் அங்குலம் என்றால் மேலோட்டம். சுற்றுகிற சாணைக்கல்லின் விளிம்பை வைர முனையால் அந்த அளவுக்குச் சீவிவிட்டுத்தான் அலகை அதில் இழுக்க வேண்டும்.

பார்ப் கத்துகிற ஆள் இல்லை. நான் தீட்டிக் கொடுத்த ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகின் நீளத்தைப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு கரைகளுக்கும் குறுக்கே வைப்பார். நாணயம் ஒரு பக்கம் சரிந்தால் ஒரு கரை உயரம், மற்றது தாழ்வு. "மறுபடி" என்று மட்டும் சொல்லி என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். பிழை என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது "மறுபடி" கேட்டிருப்பேன்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு ஸ்கேட்டின் நாக்குக்கு உள்ளேயும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, ஆட்டக்காரரின் எண்ணும் அவர் கேட்ட அளவும் எழுதியிருப்பார். "சிவா, கேட்டதைக் குடும். நல்லதெண்டு உமக்குத் தோன்றுறதைக் குடாதையும். நிண்டு விழப்போறது அவை." இதை முதல் நாளே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஐந்தாம் எண்ணின் பிளாஸ்டரில் மட்டும் ஓர் அங்குலம் என்று இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அரைக்குக் கிட்ட. அந்த ஐந்தாம் எண்தான் மார்ட்டின்.

கனடாக்காரர். பதினைந்து வருடம் அங்கேயும் ஐரோப்பாவிலும் சம்பளத்துக்கு விளையாடியவர். பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. சின்னச் சின்ன ஊர்களின் அணிகள், பத்து மணி நேர பஸ் பயணங்கள், உடைந்த மூக்கு இரண்டு தரம். கடைசிக் காலத்தில் எங்கள் சிட்னி அணிக்கு வந்தார். அவருடைய வேலை டிஃபென்ஸ். அதாவது கோல் போடுகிற வேலை அல்ல, போட விடாத வேலை. எதிராளி பாய்ந்து வரும்போது அவருக்கு முகம் காட்டிக்கொண்டே பின்பக்கமாக ஓட வேண்டும். நீங்கள் இருவரும் ஒரு தரம் பார்க்க வந்தபோது, "அப்பா, இவர் ஏன் எந்த நேரமும் ரிவேர்ஸில போறார்?" என்று வினோதா கேட்டது ஞாபகம். அதுதான் பிள்ளை அந்த வேலை. எதிராளியின் கையையும் பார்க்கக்கூடாது, பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டையும் பார்க்கக்கூடாது. நெஞ்சைப் பார்க்க வேண்டுமாம். "கையும் வட்டும் பொய் சொல்லும், நெஞ்சு போற இடத்துக்குத்தான் ஆள் போவான்" என்று மார்ட்டின் எனக்குச் சொன்னார். அவர் நன்றாக வேலை செய்த நாளில் அவர் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஏதும் நடக்கவில்லை என்பதுதான் அவர் செய்த வேலை.

மற்றவர்கள் ஸ்கேட்டை என் மேசையில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவர் அலகைத் துடைத்து, கயிற்றை உள்ளே செருகி, இரண்டு கையாலும் தருவார். "சிவா, வழமை போல." திரும்ப வாங்கும்போது பார்த்துச் சோதிக்கவே மாட்டார். போட்டுக்கொண்டு போவார். பார்ப் நாணயம் வைத்துப் பார்க்கிற பொருளை அவர் பார்க்காமல் போட்டுக்கொள்வது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. உங்கள் கல்யாணங்களுக்கு வாங்கிய பட்டு வேட்டியைக்கூட நான் அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை.

இனி வீட்டுக் கதை ஒன்று. பிறகு அது தேவைப்படும். குசினியில் அம்மாவின் மரக்கறிக் கத்தியை நான்தான் தீட்டுவேன். உங்களுக்குத் தெரியும், அம்மாவின் இடது கைச் சுட்டுவிரலில் எந்த நாளும் ஒரு பிளாஸ்டர் இருக்கும். அவ சொல்லுவா: "இஞ்சை பாருங்கோ, நீங்கள் தீட்டின கத்தியைத் தொடவே எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கு இவ்வளவு கூர் வேண்டாம். கொஞ்சம் மொட்டையா விடுங்கோவன்."

"இருவது வருஷம் கத்தி தீட்டினவன்ர வீட்டில மொட்டைக் கத்தியோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்."

"வெங்காயம் வெட்டுறது நான். சிரிக்கிறவை வந்து வெட்டட்டும்."

நான் கேட்கவில்லை.

பிரியாவிடைக்கு முந்தின வருடம் எங்கள் அணி அரையிறுதிக்குப் போனது. சனி மத்தியானம் அரையிறுதி, வென்றால் அடுத்த நாள் இறுதி, இரண்டும் மெல்பனில். பார்ப்புக்கு அந்த நேரம் முழங்காலில் ஒப்பரேஷன். அதனால் சாமான்களோடு என்னைத் தனியே அனுப்பினார்கள். நாணயம் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

மார்ட்டினிடம் ஒரு பழக்கம் இருந்தது. உடம்பைச் சூடாக்கப் பதினைந்து நிமிடம் ஐஸில் ஓடிவிட்டு, ஆட்டம் தொடங்க முன் ஸ்கேட்டைத் தருவார். மூன்று இழுவை மட்டும் இழுத்துக் கொடுக்க வேண்டும். அன்று அவர் சூடாக்கிக்கொண்டிருந்ததை நான் வேலிக்கு அருகே நின்று பார்த்தேன். ஒரு திருப்பத்தில் அவர் கால் கொஞ்சம் வழுக்கியது. எங்கள் அணிப் பொடியன் ஒருவன் அவரைச் சுற்றிக்கொண்டு போனான். "என்ன கிழவா, பிரேக் இல்லையோ?" என்று கத்தினான். மார்ட்டின் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு முப்பத்தேழு வயது. இந்த வருடத்தோடு அவரை எடுக்கமாட்டார்கள் என்று பலர் கதைத்ததைக் கேட்டிருந்தேன்.

ஸ்கேட் என் கைக்கு வந்தது. கல்லில் அப்போது மற்றவர்களுக்கான அரை அங்குலம் சீவிக் கிடந்தது. வைர முனையைத் திருப்பி ஓர் அங்குலத்துக்குச் சீவுவதுதான் முறை. கையும் அதற்குப் போனது. போன கையை நிறுத்தினேன். கால் வழுக்குகிறது, கரை கடிக்கவில்லை, நல்ல கூர் போட்டுக் கொடுத்தால் அந்தப் பொடியன்களைப்போல நின்று திரும்புவார் என்று நினைத்தேன். மனிதர் கேட்கக் கூச்சப்படுகிறார், நானாகச் செய்து கொடுப்போம் என்றும் நினைத்தேன். மூன்று இழுவை அல்ல, ஏழு இழுவை இழுத்தேன். கடைசி இழுவைக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிசிர் எடுத்தேன். நகத்தில் வைத்துப் பார்த்தேன், நகம் பொடியாகச் சீவுப்பட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வடிவாக ஒரு கரை தீட்டியதில்லை. ஒரு பரிசு கொடுப்பதுபோல அவர் கையில் கொடுத்தேன். அவர் வழமைபோலப் பார்க்காமல் போட்டார்.

தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எதிராளி ஒருவர் வட்டோடு பாய்ந்து வந்தார். மார்ட்டின் பின்பக்கமாகப் போய், முன்பக்கம் திரும்பக் காலைச் சரித்தார். வழமையில் அந்தக் கால் வழுக்கிக்கொண்டே திரும்பும். அன்று அலகு ஐஸைக் கடித்து நின்றுவிட்டது. கால் நின்றது, உடம்பு போனது. பலகைச் சுவரில் போய் மோதினார். எதிராளி தனியே போய் கோல் போட்டார்.

நான் அப்போதே விளங்கிக்கொண்டேன். 

முதல் இடைவேளையில் அவர் உள்ளே வந்து இருந்தார். தீட்டுகிற மெஷின் உடுப்பு மாற்றும் அறையிலேயே மூலையில் இருந்தது. அதற்கு முன்னால் கோச் பலகையில் கோடு கீறிக்கொண்டு நின்றார். மார்ட்டின் மெஷினைப் பார்த்தார். கோச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் பிள்ளைகள், நான் செய்த இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது.

இரண்டாம் பகுதியில் இன்னொரு தரம் முழங்காலில் விழுந்தார். கடைசியான மூன்றாம் பகுதி முழுக்கக் கோச் அவரை விளையாட விடாமல் வாங்கில் இருத்தினார். ஒரு கோலால் வென்றோம். உடுப்பு மாற்றும் அறையில் எல்லோருக்கும் முன்னால் கோச் சொன்னார்: "மார்ட்டின், நாளைக்கு நீர் விளையாடேல்லை, வாங்கில இருக்கிறீர். கால் போட்டுது உமக்கு. நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆள் இல்லை."

மார்ட்டின் சொன்னார்: "ஓம் கோச். இண்டைக்குக் கால் பாரமாத்தான் இருந்தது."

பிறகு ஸ்கேட்டைத் துடைத்து, கயிற்றைச் செருகி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். "சிவா, வழமை போல."

அன்று பின்னேரம் மெல்பனிலேயே, ட்ருகனினாவில் உங்கள் ரவி மாமா வீட்டில் தங்கினேன். இடியப்பமும் சொதியும் வைத்தார். தட்டைத் தள்ளி வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அத்தான், ஆருக்கும் தெரியுமோ?"

"மார்ட்டினுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவரே சொல்லேல்லையெண்டா நீங்கள் ஏன் போய் வாயைக் குடுக்கிறியள்? அவர் இண்டைக்கோ நாளைக்கோ கனடாவுக்குப் போற ஆள். உங்களுக்கு அறுவது வயசு. இந்த வேலை போனா வேற ஆர் தருவினம்? பேசாமச் சாப்பிடுங்கோ."

ரவி மாமா சொன்னது சரியான புத்திதான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒருவர் பதினைந்து வருடமாகக் கட்டிய பெயர், கால் போய்விட்டது என்ற ஒரு வார்த்தையோடு முடியப்போகிறது. அது கால் அல்ல என்று தெரிந்தது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் சொல்லமாட்டார்.

காலையில் அரங்கில் கோச்சைத் தனியே பிடித்தேன். இங்கிலிஷைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். எல்லாம் குழம்பிவிட்டது. "நேற்று அவரின்ர கால் இல்லை. என்ர கை" என்று சொன்னேன். பிறகு அரை அங்குலம், ஓர் அங்குலம் எல்லாம் சொன்னேன்.

"உம்மை ஆர் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன்?"

"அவருக்கு நல்லாயிருக்குமெண்டு நினைச்சன்."

கோச் சூயிங்கத்தை மற்றக் கன்னத்துக்குத் தள்ளினார். "எனக்கு முன்னால தீட்டும். பிறகு அவர் பத்து நிமிஷம் ஓடட்டும். உம்மட விஷயத்தை நான் பார்ப்போட கதைப்பன்."

மார்ட்டினைக் கூப்பிட்டார். நான் வைர முனையை ஓர் அங்குலத்துக்குத் திருப்பிக் கல்லைச் சீவினேன். ஆழமான பள்ளத்தை மேலோட்டமாக்குவது கரைச்சலான வேலை. பள்ளத்தை நிரப்ப முடியாது. இரண்டு கரைகளையும் இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே அழுத்தம், ஒரே வேகம், நுனியிலிருந்து குதி வரை. நேற்று நான் பெருமையோடு தீட்டிய கரை அத்தனையும் தூளாகிப் போனது. பதினெட்டு இழுவை. நாணயம் வைத்தேன். சரிந்தது. "மறுபடி" என்று எனக்கு நானே சொல்லி இன்னும் இரண்டு இழுத்தேன். நாணயம் நேராக நின்றது.

பக்கத்தில் வாங்கில் இருந்த மார்ட்டினிடம், கோச் அப்பால் போன நேரம் பார்த்துக் கேட்டேன்: "உமக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லேல்லை?"

"முதல் திருப்பத்திலேயே இது என்ர அளவில்லை எண்டு நினைச்சன்" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு இருபத்திரண்டு வயசில ஒரு ஊரில விளையாடினனான். ஒரு நாள் விழுந்திட்டன். எல்லாருக்கும் முன்னால அந்தச் சப்பாத்துக்காரரைக் காட்டி, என்ர அலகை நாசமாக்கிப்போட்டாய் எண்டு கத்தினன். திங்கட்கிழமை அந்த மனுசன் வேலையில இல்லை. ரெண்டு நாள் கழிச்சு ஒரு சிநேகிதன் கேட்டான், அண்டைக்கு ஏன் ஸ்கேட்டோட கார் நிக்கிற இடத்துக்குப் போன் கதைக்கப் போனனீ எண்டு. கொங்கிரீற்றில நடந்து கரையை உடைச்சது நான்தான். அந்த மனுசனைத் தேடினன். ஊரை விட்டே போயிட்டார்."

"ஆனா இந்த முறை செய்தது நான்."

"நீர் இப்ப சொல்லுறீர், தெரியுது. நேற்று எப்பிடித் தெரியும்? நான் ஒருக்கா நிச்சயமா இருந்து பிழைவிட்டவன் சிவா."

அவர் ஸ்கேட்டை வாங்கினார். நான் கையை விடவில்லை. "ஒருக்காப் பாரும்" என்றேன். அவர் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு போனார்.

கோச்சும் நானும் வேலிக்கு அருகே நின்றோம். ஆழமான பள்ளம் ஐஸில் போகும்போது துணி கிழிகிற சத்தம் கேட்கும். மார்ட்டின் எங்களுக்கு முகம் காட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடினார். ஒரு சத்தமும் இல்லை. யாரோ மாவைச் சுளகில் மெல்ல அசைப்பதுபோல ஒரு சிறு ஒலி மட்டும். ஒரு பக்கம் திரும்பினார், மறு பக்கம் திரும்பினார். கால் வழுக்கிக்கொண்டே திரும்பியது. முதல் நாள் நான் பழுது என்று நினைத்தேனே, அந்தச் சிறு வழுக்கல்தான் அவருடைய தொழிலே. கோச் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதியாட்டத்தில் தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோலும் விழுந்தபோது மார்ட்டின் ஐஸில் இல்லை, முறை மாறி வெளியே வந்து வாங்கில் இருந்தார். அவர் நின்ற நேரத்தில் ஒன்றும் போகவில்லை. கடைசி நிமிடங்களில் ஒருவர் ஓங்கி அடித்த வட்டுக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து விழுந்து விலா எலும்பில் வாங்கினார். எழும்பி, எதிராளியின் நெஞ்சைப் பார்த்தபடி திரும்பவும் பின்பக்கமாகப் போனார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பெயரை அறிவிப்பாளர் சொன்னது எனக்கு ஞாபகமில்லை.

அறையில் எல்லோரும் தலை குனிந்து இருந்தார்கள். கோச் சொன்னார்: "நேற்று நான் எல்லாருக்கும் முன்னால சொன்னது பிழை. மார்ட்டின்ர கால் போகேல்லை. சப்பாத்தில பிழை இருந்தது."

மார்ட்டின் விலாவைப் பிடித்துக்கொண்டு, "காலும் கொஞ்சம் போட்டுதுதான் கோச்" என்றார். தோற்ற அறையில் எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாள் கிழவா என்று கத்திய பொடியன் எழும்பிப் போய் அவருடைய ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துவிட்டான், அவரால் குனிய முடியவில்லை. மார்ட்டினை அடுத்த வருடமும் எடுத்தார்கள். தானாக நிறுத்தும் வரை விளையாடினார்.

திங்கள் காலை விமான நிலையத்திலிருந்து பார்ப்புக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கோச் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். 

"மறுபடி" என்றார் பார்ப். "செவ்வாய்க்கிழமை இருபது சோடி கிடக்கு. எட்டு மணிக்கு வாரும்." வைத்துவிட்டார்.

டூங்கபிக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. அம்மா வேலைக்குப் போய்விட்டா. நீங்களும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். மேசை லாச்சியைத் திறந்து அம்மாவின் மரக்கறிக் கத்தியை எடுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். கல்லை நனைத்தேன். தீட்டுகிற சரிவில் பிடிக்காமல், கத்தியை நிமிர்த்திப் பிடித்து, கரையை மெல்ல இறக்கினேன். இரண்டு தரம். பெருவிரலை வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து அறுத்துப் பார்த்தேன். அம்மா அறுக்கிற மாதிரி மெதுவாக அறுத்ததும் கத்தி இறங்கியது.

கத்தியைக் கழுவித் துடைத்தேன். லாச்சியில் அதே இடத்தில், பிடி வெளிப்பக்கம் பார்க்க வைத்து மூடினேன்.